மலர்வளையம் போல் தெரியாமல் செவ்வந்தி அடுக்குவது எப்படி?

ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அக்கா, வருடப்பிறப்புக்கு விருந்தாளிகள் வருகிறார்கள் என்று நுவரெலியாவில் இருந்து வெள்ளையும் மஞ்சளுமாகச் செவ்வந்தி வாங்கி வந்து சாடியில் வைத்தேன். மாமி பார்த்துவிட்டு, 'என்ன பிள்ளை, சாவு வீட்டுக்கு வைக்கிற மாதிரி இருக்கே' என்று சொல்லிவிட்டார். இரண்டு நாளில் இலையும் தொங்கிப்போனது. கோடைக்குப் பொருத்தமாக, பார்த்தவுடன் சந்தோஷம் வருகிற மாதிரி செவ்வந்தியை அடுக்க முடியாதா?"

தங்கச்சி, மாமியைக் கோபிக்காதீர்கள். அவர் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. ஒரே அளவுப் பூ, ஒரே உயரம், இடைவெளி இல்லாமல் ஒட்டி ஒரு வட்டம், ஓரத்தில் பன்னம் இலை. மலர்வளையம் கட்டுகிறவர்கள் செய்வதும் அச்சொட்டாக இதுதான். நம் நாட்டில் வெள்ளை துக்கத்தின் நிறம். அந்த நிறமும் இந்த வடிவமும் சேர்ந்தால் வேறு எதை நினைப்பது? பூவில் குற்றம் இல்லை. அதே செவ்வந்திதான் மாரியம்மன் மாலையிலும் இருக்கிறது, கல்யாணக் காரின் முகப்பிலும் இருக்கிறது. அடுக்கிய விதத்தில்தான் பிசகு, அதைத் திருத்துவது லேசு.

ஆனால் வாடிய கதையை முதலில் பேசவேண்டும். வாடுகிற பூவை எப்படி அடுக்கினாலும் அழகில்லை.

இரண்டு நாளில் தொங்குகிற சாதிப் பூவே அல்ல செவ்வந்தி. ஒழுங்காகத் தண்ணீர் குடித்தால் நம் குளிரில் இரண்டு கிழமை தாராளமாக நிற்கும். கொழும்பு வெக்கையில்கூட ஒரு கிழமை போகும். செவ்வந்தியில் பூவுக்கு முன் இலைதான் விழும். தண்டை வெட்டி நேரம் போனால் வெட்டுவாயிலிருந்து உள்ளே காற்று ஏறிவிடும். பிறகு சாடி நிறையத் தண்ணீர் இருந்தாலும் மேலே ஏறாது. அடித்தண்டு வேறு கட்டையாக, மரம் மாதிரி முற்றியிருக்கும். அந்த இடத்தால் தண்ணீர் இழுப்பது கஷ்டம். உங்கள் பூவுக்கு இரண்டு வினையும் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். நுவரெலியாவிலிருந்து ஹட்டனுக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம், அதற்கு முன் கடையில் எவ்வளவு நேரமோ.

வாங்கும்போதே கவனம் வேண்டும். ரோசாவை மொட்டாக வாங்கி வீட்டில் விரியவைக்கலாம். செவ்வந்தி அப்படி இல்லை, இறுக்கமான மொட்டாக வெட்டிய பூ பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். முக்கால்வாசிக்கு மேல் விரிந்ததை எடுங்கள். பூவைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். கீழ்வரிசை இதழ் பழுப்படித்தோ துவண்டோ இருந்தால் அது பழைய சரக்கு. டெய்சி மாதிரி நடுவில் கண் தெரிகிற வகை என்றால் அந்தக் கண் பச்சையோடி இறுக்கமாக இருக்கவேண்டும். மஞ்சள் தூள் உதிர்கிறது என்றால் அதற்கு வயதாகிவிட்டது. இலையையும் பாருங்கள், அடியிலை மஞ்சளித்த கட்டை விலை குறைத்துத் தந்தாலும் வேண்டாம். இறம்பொடைப் பக்கம் வளைவுக்கு வளைவு ஓடி வந்து பூ நீட்டும் பிள்ளைகளிடம் வாங்கினால் பூ புதிதாக இருக்கலாம். ஆனால் வெயிலில் கையில் பிடித்தபடி நின்றது எவ்வளவு நேரம் என்று பூவின் பின்பக்கம்தான் சொல்லும்.

பஸ்ஸில் கொண்டுவரும்போது அடித்தண்டை நனைத்த துணியால் சுற்றி, அதன் மேல் ஒரு ஷொப்பிங் பேக்கைக் கட்டுங்கள். தலையைக் காய்ந்த பத்திரிகைத் தாளில் சுருட்டுங்கள். தலை நனையக்கூடாது.

வீட்டுக்கு வந்ததும் உடனே சாடியில் குத்தவேண்டாம். வாளியில் தண்ணீர் எடுத்து, தண்டை அந்தத் தண்ணீருக்குள்ளே வைத்தபடியே சாய்வாக வெட்டுங்கள். வெட்டும் இடத்தில் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் ஏறிக்கொள்ளும். முற்றிய கட்டைப் பகுதி முழுவதும் போகும்படி மேலே தள்ளி, பச்சையான இடத்தில் வெட்டவேண்டும். தண்டு நீளம் போகிறதே என்று பார்க்காதீர்கள். அம்மாக்கள் காலத்தில் தண்டின் நுனியைக் கல்லால் நசுக்கி வைப்பார்கள். இன்றும் சில பூக்கடைகளில் அந்தப் பழக்கம் இருக்கிறது. நசுங்கிய தண்டு தண்ணீரைச் சீக்கிரம் அழுகவைப்பதைத் தவிர வேறு நன்மை செய்வதாக எனக்குத் தெரியவில்லை. தண்ணீருக்குள் முழுகப்போகிற இலைகளை எல்லாம் உருவிவிட்டு, கழுத்தளவு தண்ணீரில், குளிர்ந்த இருட்டு மூலையில் ஒரு இராத்திரி வையுங்கள். காலையில் இலை விறைத்து நிற்கும். பிறகுதான் அடுக்குகிற வேலை.

சாடித் தண்ணீருக்கு ஒரு லீட்டருக்கு இரண்டு தேக்கரண்டி சீனி, துணி வெளுக்கிற குளோரின் திரவம் கால் தேக்கரண்டி. சீனி பூவுக்குச் சாப்பாடு, குளோரின் கிருமிக்கு. குளோரின் இல்லாமல் சீனியை மட்டும் போட்டால் கிருமிக்கு விருந்து வைத்த கணக்காகிவிடும், அதற்கு வெறும் தண்ணீரே மேல். சிலர் தேசிக்காயும் பிழிவார்கள். குளோரினோடு புளிப்பைச் சேர்த்தால் மூச்சை அடைக்கிற வாயு வரும். சொட்டுக் கணக்கில் பெரிய ஆபத்து இல்லை என்றாலும், கண்ணளவு மாறிப்போகிற வீட்டில் அந்தப் பழக்கம் வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, தண்டை ஒரு விரற்கடை வெட்டிவிடுங்கள்.

தண்ணீர் தெளிப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும், இதில் மலையகம் முழுவதற்கும் ஒரே சட்டம் இல்லை. உங்கள் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் காற்றிலேயே ஈரம். அங்கே பூவின் மேல் தண்ணீர் தெளித்தால் இதழுக்கு இடையில் தங்கி, இரண்டாம் நாள் சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும். பார்க்கப் பழுப்புப் புள்ளியாகத் தொடங்கி முழுத் தலையையும் தின்றுவிடும். பண்டாரவளை, வெலிமடை, பதுளைப் பக்கம் கதை வேறு. நீங்கள் மழையில் நனைகிற ஜூன், ஜூலையில் அவர்களுக்குக் கச்சான் காற்று வீசும், எல்லாம் காய்ந்து சருகாகும். அவர்கள் சன்னலடியில் சாடியை வைக்கக்கூடாது, இலைக்கு மட்டும் தண்ணீர் விசிறலாம். பூவை அவர்களும் நனைக்கவேண்டாம்.

சரி, சந்தோஷத்துக்கு வருவோம்.

செவ்வந்தி வெளிநாட்டில் இலையுதிர்காலப் பூ. பகல் குறுகி இரவு நீளும்போது மொட்டு வைக்கிற செடி அது. குளிர் நாடுகளில் அந்த நேரம் கோடை முடிந்தபின்தான் வரும். நமக்கு வருடம் முழுவதும் பகல் கிட்டத்தட்ட 12 மணித்தியாலம், எப்போது வேண்டுமானாலும் மொட்டு வைக்கும். அதனால்தான் ஏப்ரல் சீசனில், நுவரெலியா விக்டோரியா பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கிற நேரத்தில், நாம் செவ்வந்தியைக் கோடைப் பூவாக வைக்கிறோம். இது நமக்குக் கிடைத்த சலுகை. ஆனால் வெளிநாட்டுப் படங்களில் வருகிற செவ்வந்தி அலங்காரம் அனேகமாகச் செம்பு நிறம், கடும் சிவப்பு, காய்ந்த இலை என்று இருக்கும். அதைப் பார்த்து அப்படியே செய்தால் வீடு இருண்டுபோகும். நம் வெளிச்சம் வேறு. காலையில் பனிமூட்டம், பின்னேரம் மழை இருட்டு, லயத்து வீடென்றால் சன்னல் ஒன்றோ இரண்டோ. அந்த மங்கலில் கத்தரிப்பூ நிறமும் கடும் சிவப்பும் கறுப்பாகத்தான் தெரியும். மஞ்சள், இளம்பச்சை, செம்மஞ்சள், வெளிர் ரோஸ் ஆகியவை நின்று ஒளிரும். கடும் நிறம் வேண்டுமென்றால் கொஞ்சம், அதுவும் மஞ்சளுக்குப் பக்கத்தில்.

வெள்ளையை ஒதுக்கச் சொல்லவில்லை. வெள்ளையை மட்டும், அல்லது வெள்ளையையும் பன்னத்தையும் மட்டும் வைக்காதீர்கள். நடுவில் மஞ்சள் கண் உள்ள வெள்ளை டெய்சிச் செவ்வந்தியைப் பார்த்து யாரும் சாவு வீட்டை நினைக்கமாட்டார்கள்.

அடுத்தது அளவு. ஒரே வகையைக் கட்டாக வாங்காமல் மூன்று அளவில் வாங்குங்கள். தண்டுக்கு ஒன்றாக வரும் பெரிய பூ கொஞ்சம், ஒரு தண்டில் பல பூ வருகிற ஸ்பிரே நிறைய, பொத்தான் மாதிரியான குட்டிப்பூ கொஞ்சம். ஸ்பிரே தண்டை முழுசாகக் குத்துவதுதான் எல்லோரும் செய்வது. அதைக் கிளை கிளையாகப் பிரித்து வெட்டினால் ஒரு தண்டில் நாலைந்து துண்டு கிடைக்கும். நீளமானது மேலே, குட்டையானது விளிம்பில். காசும் மிச்சம்.

பிறகு உயரம். சாடியைப் போல ஒன்றரை மடங்கு உயரத்துக்கு இரண்டு தண்டு எழும்பட்டும், நடுவில் அல்ல, ஒரு பக்கமாகத் தள்ளி. பெரிய பூவை உச்சியில் வைக்காதீர்கள். அது கனமான பூ, தாழ்வாக, சாடியின் வாயை ஒட்டி இருந்தால்தான் கண்ணுக்கு நிம்மதி. உச்சிக்குக் குட்டிப்பூவும் மொட்டும் போதும். எல்லாப் பூவும் பள்ளிக்கூடப் படத்துக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி முன்னால் பார்க்கவேண்டாம். ஒன்று பக்கவாட்டில் திரும்பட்டும், ஒன்று பின்னால் பார்க்கட்டும், ஒன்று விளிம்பைத் தாண்டிக் கீழே எட்டிப்பார்க்கட்டும். பூவுக்கும் பூவுக்கும் இடையில் காற்றுப் போக இடம் விடுங்கள். செவ்வந்தியின் தலை தட்டையான வட்டம், இடைவெளி இல்லாவிட்டால் வட்டங்கள் ஒட்டிச் சுவராகிவிடும். அந்தச் சுவரைத்தான் மாமி பார்த்தார்.

துணைக்கு என்ன வைப்பது என்று கடையில் ஜிப்சோபிலா என்கிற வெள்ளைப் பொடிப்பூவைத் தேடி அலையவேண்டாம். தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிற காலமா? பளபளப்பான இலையோடு இருக்கும் தேயிலைக் கிளை நாலு எடுத்துவாருங்கள், தண்ணீரில் நன்றாக நிற்கும். காய்ந்த மிளாறும் நல்லது. வளைந்து நெளிந்த மிளாறு இரண்டைச் சாடிக்குள் குறுக்காக இறக்கினால் பூத்தண்டைப் பிடித்துக்கொள்ளும், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி அலங்காரமாகவும் ஆகிவிடும். நிழலுக்கு நட்ட கிரவேலியா மரத்தின் இலை பார்க்கப் பன்னம் மாதிரி இருக்கும், அடிப்பக்கம் வெள்ளி நிறம். டர்பன்டைன் என்று நாம் சொல்கிற யூகலிப்டஸ் இலையின் சாம்பல் பச்சை, மஞ்சள் செவ்வந்தியை இன்னும் மஞ்சளாகக் காட்டும். மானாப்புல்லை வளையமாக மடித்துச் செருகினால் ஒரு துள்ளல் வரும். ஆனால் கையைக் கீறும், பார்த்து.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த சோடி மஞ்சள் செவ்வந்தியும் நீல ஹைட்ரேஞ்சியாவும். பங்களா ஓரங்களில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூப்பதற்குக் காரணம் நம் மண்ணின் புளிப்பு. தேயிலைக்கு வேண்டிய அதே புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து செடிக்குள் போகிறது, பூ நீலமாகிறது. சுண்ணாம்பு கூடிய மண்ணில் அதே செடி ரோஸ் நிறத்தில் பூக்கும். ஒரு பித்தளைச் சொம்பில் ஹைட்ரேஞ்சியாத் தலை இரண்டைத் தாழ்வாக வைத்து, அதற்கு மேலே மஞ்சள் ஸ்பிரேயைக் கிளை பிரித்து எழுப்பி, பச்சைப் பொத்தான் செவ்வந்தி நாலைந்தை இடையில் செருகிப் பாருங்கள். விருந்தாளி வருகிற வீட்டுக்கு இதைவிட வேறு வேண்டாம். ஹைட்ரேஞ்சியாதான் கொஞ்சம் செல்லப்பிள்ளை, வெட்டியதும் துவளும். தலையோடு முழுசாகத் தண்ணீரில் அரைமணி நேரம் முக்கி எடுத்து உதறி, வெட்டுவாயைப் படிகாரத் தூளில் தொட்டு வைத்தால் நிமிர்ந்துவிடும். செவ்வந்தித் தலையை நனைக்காதீர்கள் என்றேன், ஹைட்ரேஞ்சியா அதற்கு நேர் எதிர்.

கடையில் நீலச் செவ்வந்தி பார்த்திருப்பீர்கள். அது சாயம். செவ்வந்திக்கு இயற்கையில் நீலம் கிடையாது. 2017இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மரபணு மாற்றித்தான் உண்மையான நீலத்தைக் கொண்டுவந்தார்கள். சாயப்பூ தண்ணீரையும் மேசை விரிப்பையும் சேர்த்தே நீலமாக்கும்.

வருடப்பிறப்பு மேசையில் பழத்தட்டுக்குப் பக்கத்தில்தான் பூ வைப்போம். பழுக்கிற வாழைப்பழமும் மாம்பழமும் எத்திலீன் என்ற வாயுவை விடும். கார்னேஷன் அதில் ஒரே நாளில் சுருங்கிக் கண்ணை மூடிவிடும். செவ்வந்திப் பூ அதைப் பெரிதாகச் சட்டை செய்யாது. விறகடுப்புப் புகையிலும் அந்த வாயு உண்டு. குசினியோடு ஒட்டிய வீடுகளுக்குச் செவ்வந்தி தோதான பூ என்று நான் சொல்வது இதனால்தான்.

வாசலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ பெரிதாக வேண்டுமென்றால் பழைய கொழுந்துக் கூடையை எடுங்கள். உள்ளே பிளாஸ்டிக் வாளி, வாளியின் வாயில் கோழிக்கூட்டுக் கம்பிவலையைச் சுருட்டி அமுக்கினால் எந்தத் தண்டும் நீங்கள் வைத்த இடத்தில் நிற்கும். ஓயாசிஸ் என்று பச்சை நுரைக்கட்டி விற்கிறார்களே, 1954இல் அமெரிக்காவில் வந்தது, அது பீனால் ஃபோமல்டிஹைட் பிளாஸ்டிக். மண்ணில் மக்காது, தூளாகி ஓடைக்குப் போகும். நம் ஓடைத் தண்ணீரைக் கீழே எத்தனை ஊர் குடிக்கிறது என்று யோசித்து, முடிந்தமட்டும் நான் தவிர்க்கிறேன். கட்டாயம் என்றால் தண்ணீரில் மிதக்கவிட்டுத் தானாகத் தாழ விடுங்கள். கையால் அமுக்கினால் நடுவில் காய்ந்தபடியே இருக்கும், அந்த இடத்தில் குத்திய பூ வாடும். ஒரு நாள் விசேஷத்துக்கு வாழைத்தண்டே போதும். குறுக்கே வெட்டிய துண்டில் குச்சியால் துளை போட்டுவிட்டுத் தண்டைச் செருகுங்கள். செவ்வந்தித் தண்டு நேரே குத்தினால் மடங்கும். பெரியபிள்ளைச் சடங்கு மேடைக்கு, தேர் முகப்புக்கு, இப்படிச் செய்தது காலையிலிருந்து இராத்திரி வரை நிற்கும்.

கழுத்து முறிந்த பூக்களை வீசாதீர்கள். தண்டை ஒட்ட வெட்டி, தாம்பாளத்துத் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். பொத்தான் வகைதான் நன்றாக மிதக்கும். பெரிய தலை ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் குடித்து மூழ்கும்.

செவ்வந்திச் சாறு சிலருக்குக் கையில் அரிப்பும் தடிப்பும் கொடுக்கும். நாள் முழுவதும் கட்டுகிறவர்கள் கையுறை போடுவது நல்லது. பூனை, நாய் கடித்தால் வாந்தி எடுக்கும், எட்டாத இடத்தில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. லயத்து முன்வாசலில் நாலு முழம் இடம் இருந்தால் வாங்கவே தேவையில்லை. பூத்து முடிந்த செடியை அடியோடு வெட்டிவிட்டால் பக்கத்தில் இளங்கன்று கிளம்பும். அதில் விரல் நீளத்துக்கு நுனி வெட்டி மணலில் நட்டால் இரண்டு மூன்று கிழமையில் வேர் பிடிக்கும். ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், கொழுந்து எடுத்த கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிள்ளினால் பக்கக்கிளை வந்து பூ கூடும். பெரிய ஒற்றைப் பூ வேண்டுமென்றால் பக்க மொட்டுகளை எடுத்து நடுவை விடுங்கள். ஸ்பிரேயாக வேண்டுமென்றால் நடு மொட்டை எடுத்துப் பக்கத்தை விடுங்கள். வீட்டில் தண்டு ஏன் கடைப்பூ போல நீளவில்லை என்று கேட்பீர்கள். நம் 12 மணி நேரப் பகலில் செடி உயருமுன்பே மொட்டு வைத்துவிடும். விற்பனைக்கு வளர்க்கிறவர்கள் முதல் சில வாரம் இரவில் விளக்கைப் போட்டு, நீண்ட பகல் என்று செடியை ஏமாற்றுவார்கள். தண்டு நீண்டதும் விளக்கை நிறுத்தினால், வகையைப் பொறுத்து ஏழு முதல் பத்து வாரத்தில் பூ வரும். வீட்டுக்கு அந்தச் செலவு வேண்டாம், குட்டைத் தண்டுக்குச் சொம்பும் ஜாம் போத்தலும் இருக்கின்றன. இலைக்கு அடியில் வெளிர் கொப்புளம் மாதிரித் தெரிந்தால் அது வெள்ளைத் துரு நோய், குளிரும் ஈரமும் உள்ள இடத்தில் வேகமாகப் பரவும். அந்த இலையைப் பிய்த்து எரித்துவிடுங்கள், அந்தச் செடியிலிருந்து மட்டும் கன்றுக்கு நுனி எடுக்காதீர்கள்.